சிங்கப்பூர் சட்டி

வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். கொல்லைக் கதவையும் சாத்தினேன். வாடை வெளியே போகட்டும் என்று அடுப்படி ஜன்னலை மட்டும் திறந்து வைத்தேன். பிறகு மூலையில் இருந்த சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். காலையில் என் கணவர் போட்ட பாசிப்பயறும் பார்லியும் சுரைக்காய்த் துண்டுகளும் போட்டது போட்டபடி பச்சைத் தண்ணீரில் கிடந்தன. பயறு ஊறி உப்பியிருந்தது, அவ்வளவுதான். மணி பதினொன்றே முக்கால். அவர் பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு வர ஒன்றரை ஆகும். எல்லாவற்றையும் என் பழைய குக்கரில் கவிழ்த்தேன். நாலு சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, அரை ஸ்பூன் பெருஞ்சீரகம் போட்டு மூடி, கேஸ் அடுப்பில் ஏற்றினேன். நாலு விசில். ஒவ்வொரு விசிலுக்கும் தெருவே என் வீட்டை எட்டிப் பார்ப்பதாக எனக்கு உடம்பு கூசும். என் சொந்த அடுப்படியில், என் சொந்தக் குக்கரில், என் சொந்தப் புருஷனுக்குச் சமைக்க நான் இப்படித் திருட்டுத்தனம் பண்ண வேண்டியிருந்தது.

ஆவி அடங்குவதற்குள் இன்னொரு வேலை இருக்கிறது. அந்தச் சட்டியின் உள்பாத்திரம் பீங்கான். ஜில்லென்று இருக்கும்போது கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் விரிசல் விட்டுவிடும். அதனால் முதலில் வெதுவெதுப்பாக, பிறகு நல்ல சூடாக வெந்நீர் ஊற்றிப் பழக்கி, அதைக் கொட்டிவிட்டு, வெந்ததை அதில் திருப்பி ஊற்றி, மூடி, மேலே ஒரு தடித்த துண்டைப் போர்த்துவேன். குக்கரைக் கழுவித் துடைத்து அலமாரியின் மேல் தட்டில் பழைய டின்களுக்குப் பின்னால் கவிழ்த்துவிடுவேன். அவர் வரும் நேரத்துக்குத் துண்டை எடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவளாகக் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். அவர் வந்து கை கழுவி, மூடியைத் திறந்து, ஆவி முகத்தில் அடிக்க ஒரு நிமிடம் நிற்பார்.

"பாத்தியா மலிகா, பொறுமையா வெந்தா எப்புடி இருக்குதுன்னு."

"ஆமா மச்சான்" என்பேன்.

ஜமாலுதீன் என்கிற இந்த மனிதர் எனக்குக் கணவராகி இருபத்திமூன்று வருடம். அதில் அவர் பரங்கிப்பேட்டையில் இருந்த நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று வருடம் தேறாது. மற்றதெல்லாம் சிங்கப்பூர். அங்கே ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்த நாளிலிருந்து போகிற நாள் வரை கல்யாணம், விருந்து, சொந்தக்காரர் வீடு என்று நெய்ச்சோறும் பிரியாணியுமாகப் பறக்கும். சாதாரண நாளில் அவர் என்ன சாப்பிடுவார், எத்தனை மணிக்குப் பசிக்கும், எது தொண்டையில் இறங்காது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. விருந்தாளிக்குச் சமைத்துத்தான் எனக்குப் பழக்கம்.

2012 பிப்ரவரியில் அவர் ஒரேயடியாக வந்துவிட்டார். தானே புயலில் பறந்த ஓடுகளை மாற்றி, கரண்ட் திரும்ப வந்து, வீடு அப்போதுதான் வீடாகியிருந்தது. சென்னை விமான நிலையத்துக்கு நானும் மகள் அம்ரீனும் காரில் போயிருந்தோம். பெட்டிகளையெல்லாம் டிக்கியில் ஏற்றச் சொன்னவர், ஒரு அட்டைப்பெட்டியை மட்டும் தன் மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடிச் சாமானா என்று கேட்டேன். "ஸ்லோ குக்கர்" என்றார். திண்டிவனம் தாண்டும் வரை அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகுதான், போன வருடம் நெஞ்சு வலி வந்து இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்த கதையை, யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"ஏன் மச்சான் ஒரு போனு பண்ணல?"

"பண்ணா நீ இங்க உக்காந்துக்கிட்டு இன்னா பண்ணுவ? அழுவ."

முன் சீட்டில் அம்ரீன் அழுதாள். நான் அழவில்லை. எனக்கு வந்தது கோபம். என்னைக் கேட்காமல் சாகப் பார்த்த மனிதர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

எண்ணெய், நெய், தேங்காய்ப்பால், கடைச் சாப்பாடு எதுவும் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆறு பேர் தங்கியிருந்த அறையில் ஒரே அடுப்பு. காலையில் வரிசையில் நின்று சமைத்துவிட்டு வேலைக்குப் போக முடியாது. கூட வேலை பார்த்த சீனர் ஒருவர் சொல்லித்தான் சின்னதாக ஒரு ஸ்லோ குக்கர் வாங்கியிருக்கிறார். காலையில் பயறும் காயும் தண்ணீரும் போட்டு ஒரு திருகு திருகிவிட்டுப் போனால், அது பாட்டுக்கு நாளெல்லாம் இளஞ்சூட்டில் வெந்துகொண்டிருக்கும். தாளிக்க வேண்டாம், கிளற வேண்டாம், அடிப்பிடிக்காது.

"சாயந்தரம் ரூமுக்கு வந்தா சூடா இருக்கும் மலிகா. யாரோ ஆக்கி வச்ச மாதிரி" என்றார்.

நான் கோபத்தில் இருந்ததால் அந்தப் பேச்சு காதோடு போய்விட்டது.

ஊருக்குக் கிளம்பும்போது அந்தச் சின்னதை அறையிலேயே விட்டுவிட்டு, மூன்று கடை ஏறி இறங்கிப் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறார். எல்லாக் கடையிலும் இரண்டு வகை இருந்ததாம். திருகு வைத்தது ஒன்று, பித்தான் வைத்தது ஒன்று. திருகு வைத்ததில் இருப்பதே மூன்று நிலைதான். பித்தான் வைத்ததில் எத்தனை மணி நேரம் என்று சிவப்பாக எண் எரியும். நேரம் முடிந்ததும் தானாகச் சூட்டைக் குறைத்துக்கொண்டு பீப் என்று கூப்பிடும். விலை ஜாஸ்தி. "உனக்கு ஈஸியா இருக்குமேன்னு பித்தான் வச்சதையே எடுத்தேன்" என்றார். மூன்றரை லிட்டர், நாலு பேருக்குத் தாராளம். அதன் பிளக் பட்டை பட்டையாக மூன்று முள்ளோடு சிங்கப்பூர் சுவருக்கென்று செய்தது. நம் ஊர்ச் சுவரில் ஏறாது என்று அதற்கு ஒரு வெள்ளை அடாப்டரும் வாங்கியிருந்தார். இவ்வளவு யோசித்தவர் ஒன்றே ஒன்றை யோசிக்கவில்லை. கரண்ட் என்றால் போகும் என்பதே மறந்துபோகிற ஊரில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவருக்கு அது எப்படித் தோன்றும்?

வந்த அன்று எண்ணெயை அளந்து ஊற்றி, தேங்காய்ப்பால் விடாமல், வஞ்சிரம் வாங்கி ஒரு குழம்பு வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டார். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து நேராக அடுப்படிக்குள் நுழைந்தார். பயற்றைக் கழுவினார், கேரட்டை நறுக்கினார், சட்டியில் போட்டார், பித்தானை அழுத்தினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு ஆளுக்கு வேண்டியதைவிட எப்போதும் அதிகமாகவே போடுவார். தனியாளாகச் சமைத்துப் பழகியவருக்குப் பெரிய சட்டியின் அளவு பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நானும் அம்ரீனும் எங்கள் குழம்பைச் சாப்பிடுவோம், அவர் அவருடையதைச் சாப்பிடுவார், மீந்தது பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போகும். அந்த வாரத்திலேயே என் குக்கர் விசில் அடித்தபோது திடுக்கிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பயந்துபோய் அன்றைக்கே குக்கரை மேல் தட்டில் ஏற்றிவிட்டேன். பக்கத்து வீட்டில் கேட்டபோது, "அவுங்க சிங்கப்பூர் சட்டியில ஆக்கிக்கிறாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். உள்ளே எரிந்தது. என் கைச் சோறு வேண்டாம் என்கிறாரா, என்னை அடுப்பில் வேகவிடக் கூடாது என்று நினைக்கிறாரா? கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டுப் பழகியிருந்தால்தானே?

கரண்ட் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. முதலில் இரண்டு மணி நேரம், பிறகு நாலு, அப்புறம் எப்போது வரும் எப்போது போகும் என்று கண்டுபிடிப்பதே ஒரு பிழைப்பாகிவிட்டது. அம்ரீன் சிதம்பரத்தில் காலேஜுக்குப் போய்வருகிறவள். சட்டியோடு வந்த புத்தகத்தை ஒரு சாயங்காலம் முழுக்கப் படித்துவிட்டு வந்து நின்றாள்.

"வாப்பா, கரண்ட் போயிட்டு வந்தா இது தானா ஸ்டார்ட் ஆவாது. திரும்ப முதல்லேருந்து அழுத்தணும். திருகு வச்சதா இருந்தா விட்ட எடத்துலேருந்து ஓடியிருக்கும்."

"அதெல்லாம் அப்புடி இருக்காது. இவ்ளோ வெல வாங்குறவன் அதுகூட தெரியாமயா செஞ்சிருப்பான்?" என்று முடித்துவிட்டார். மூடியைத் திறந்து காட்டலாம் என்றால் அதற்கும் விடமாட்டார். ஒருமுறை திறந்தால் அரை மணி நேரச் சூடு வீணாம். போட்டது போட்டதுதான், சாப்பிடும்போதுதான் திறக்க வேண்டும். சட்டி பக்கமே போகாமல் கூடத்தில் பேப்பர் படித்துவிட்டு, பத்து மணிக்குக் கடைத்தெருவில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் தன் பள்ளிக்கூடத்துச் சேக்காளி பொன்னுரங்கத்திடம் பேசப் போய்விடுவார்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் கோழி போட்டார். காலையில் மூன்று மணி நேரம் கரண்ட் போனது, வந்தது, சட்டி செத்துக் கிடந்தது. அன்று நான் சிதம்பரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பாதி வெந்த கோழியை மனிதர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு முடித்திருக்கிறார். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்குள் வாந்தியும் பேதியுமாக ஆள் துவண்டுவிட்டார். கார் பிடித்து நானும் அம்ரீனும் சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறியது. உடம்பில் தண்ணீர் வற்றினால் இவர் இதயம் தாங்காது, தெரிகிறதா என்று அந்த டாக்டர் என்னைத்தான் திட்டினார். நான்தானே சமைத்திருக்க வேண்டியவள்!

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன்.

"இனிமே நான் ஆக்கித் தரேன் மச்சான். எண்ணெ ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்."

அவர் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம். உனக்கு எதுக்கு செரமம்? இத்தினி வருஷம் நானேதானே பாத்துக்கிட்டேன்."

அன்புக்குச் சொன்னாரா, ஒதுக்கிச் சொன்னாரா? இரண்டு மூன்று நாள் அந்த வாக்கியத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. இவர் மாறப்போவதில்லை, கரண்டும் மாறப்போவதில்லை, இன்னொரு முறை அரைவேக்காட்டைச் சாப்பிட்டால் எனக்குப் புருஷன் மிஞ்சமாட்டார். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் குக்கரை இறக்கினேன்.

அப்படி ஆரம்பித்தது. முதல் நாள் அவர் மூடியைத் திறந்தபோது நான் ஆய்ந்த கீரையையே திரும்ப ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் ஒரு கரண்டி குடித்துவிட்டு, சட்டியைத் தட்டிக்கொடுத்தார். என்னை ஒரு நாளும் அப்படித் தட்டிக்கொடுத்ததில்லை. நான் சமைத்ததை அவர் சாப்பிடுகிறார் என்று சந்தோஷப்படுவதா, பேரெல்லாம் மெஷினுக்குப் போகிறதே என்று வயிறெரிவதா? ஒரு நாள் அதற்காகவும் இதற்காகவும் சேர்த்துக் கொஞ்சம் அதிகமாக மிளகு தட்டிப் போட்டேன். "இன்னைக்கு மெஷினுக்கு யார் மேலயோ கோவம் போலருக்கு" என்று சொல்லிக்கொண்டே குடித்தார். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன். மாட்டிக்கொண்டோம் என்று அன்று முழுக்கப் பயந்து கிடந்தேன். மறுநாள் அவர் எப்போதும்போலப் பயறு கழுவினார். அப்பாடா என்றிருந்தது.

ரமலானில் டாக்டரைக் கேட்டுக்கொண்டு நோன்பு பிடித்தார். சட்டிக்கும் எனக்கும் ஒரு மாதம் ஓய்வு. பெருநாள் முடிந்ததும் பழையபடி ஆரம்பித்தோம். ஆனால் கோழியும் கறியும் போடுவதை விட்டுவிட்டார். பயறு, பார்லி, கொள்ளு, காய், அவ்வளவுதான். டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அப்போது எங்கள் தெருவுக்குக் கரண்ட் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை கிடையாது, பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கிடையாது. ஐந்தரைக்கு அவர் போடுவார், ஆறுக்குக் கரண்ட் போகும். ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்தாலும் சட்டியில் எண் எரியாது. எரியாது என்பது எனக்குத்தான் தெரியுமே.

அக்டோபரில் கடலூருக்குப் பரிசோதனைக்குப் போனோம். ரத்தம் எடுத்து, ஈ.சி.ஜி. எடுத்து, சாயங்காலம் டாக்டர் காகிதங்களைப் புரட்டினார். கொழுப்பு நன்றாக இறங்கியிருக்கிறது, எடையும் சரியாக இருக்கிறது என்றார். வீட்டில் யார் சமையல் என்று கேட்டபடி என்னைப் பார்த்தார்.

"மெஷின் டாக்டர்" என்றார் என் கணவர். சொல்லிவிட்டு அவரும் என்னைப் பார்த்தார்.

நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். டாக்டர் ஆச்சரியப்பட்டு அந்த மெஷின் எங்கே கிடைக்கும் என்று வேறு கேட்டார். இவர் மூன்று கடை ஏறி இறங்கிய கதையை முதலிலிருந்து சொன்னார். என் கண்ணில் தண்ணீர் முட்டியது, துக்கமா சிரிப்பா என்று தெரியவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு விட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன். சிப்காட் பக்கம் வந்ததும் கெமிக்கல் வாடைக்கு அவர் ஜன்னலை இழுத்துச் சாத்தினார். இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "மச்சான்" என்றேன். "ம்" என்றார். என்னத்தைச் சொல்வது? உங்கள் மெஷின் நான்தான் என்றா? சொன்னால் சாப்பிடுவதை நிறுத்திவிடுவாரோ என்று பயம். மறுபடி அந்த அரைவேக்காட்டுக்கே போய்விட்டால்? "ஒண்ணுமில்ல" என்றேன். பிறகு அவரே பேசினார்.

"அந்த மெஷினுக்கு ஒரு நாளு லீவு குடுக்கணும் மலிகா. பாவம், ஓயாம ஒழைக்குது."

ஸ்டென்டை நெஞ்சில் வைத்தார்களா மூளையில் வைத்தார்களா என்று நினைத்துக்கொண்டு நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை நல்ல மழை. விடிந்ததிலிருந்து பெய்துகொண்டிருந்தது. மழைக்கு ஊரே ஏ.சி.யையும் காற்றாடியையும் நிறுத்தியிருந்ததோ என்னவோ, ஆறு மணிக்குப் போக வேண்டிய கரண்ட் போகவில்லை. ஏழானது, எட்டானது, ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டே இருந்தது. இன்றைக்கு அந்தச் சட்டி உண்மையாகவே சமைக்கும் என்று நினைத்தேன். நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். ஏதோ வேலையிலிருந்து நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. என் பெருஞ்சீரகம் இல்லாமல் அவர் சாப்பிடப்போகிறார், வித்தியாசம் தெரியுமா, தெரியாதா, தெரிந்தால் எது நன்றாக இருக்கிறது என்பார் என்றெல்லாம் பைத்தியம் மாதிரி யோசித்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு பத்து மணிக்குக் கிளம்பிப் போனார்.

பதினொன்றே காலுக்குச் சட்டியின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

மூடியைத் தூக்கினேன். பச்சைத் தண்ணீர். எண் எரியவில்லை. சுவரில் சுவிட்ச் போட்டுத்தான் இருந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது மாவு டின்னுக்குப் பின்னால் இறங்கியது. டின்னை நகர்த்தினேன். தரையில் அந்தப் பட்டை முள் பிளக் மட்டும் கிடந்தது, அதன் மேல் ஒட்டடை. வெள்ளை அடாப்டரைக் காணோம். சுவரில் வெறும் ஓட்டை.

ஒட்டடையை விரலால் வழித்துப் பார்த்தேன். ஒட்டடை படிகிற அளவுக்கு நாளாகியிருக்கிறது. நான் கூட்டும்போது கழன்று விழுந்து, குப்பையோடு போயிருக்க வேண்டும். இதை அவர் பார்த்தால்? இவ்வளவு நாளும் சட்டிக்குக் கரண்டே போகவில்லை என்றால் வெந்தது எப்படி என்று கேட்பாரே! துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, அம்ரீனின் பூப்போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினேன். அவர் பன்னிரண்டுக்கெல்லாம் பொன்னுரங்கம் கடையிலிருந்து பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். மீன் கடை ஓரத்தில் நின்று, அவர் குடை பள்ளிவாசல் சந்தில் திரும்புவதைப் பார்த்த பிறகுதான் கடைக்குள் போனேன்.

பொன்னுரங்கம் ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வா தங்கச்சி, இப்பதான் மச்சான் எழுந்து போறாரு" என்றார்.

"அவுங்களப் பாக்க வரலண்ணே. சிங்கப்பூர் பிளக்குக்கு மாட்டுற அடாப்டர் ஒண்ணு வேணும். இருக்குதா?"

"அது இன்னாத்துக்கு வாங்கிக்கிட்டு? உங்கூட்டுதுதான் இங்க மாட்டிக் கெடக்குதே" என்று தலைக்கு மேலே காட்டினார்.

போர்டில் எங்கள் வெள்ளை அடாப்டர் இருந்தது. அதில் ஒரு எமர்ஜென்சி லைட் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"இது எப்புடிண்ணே இங்க?"

"மச்சான்தான் குடுத்தாரு. பெருநாளு முடிஞ்சி ஒரு ரெண்டு மூணு நாளு இருக்கும். மருமவன் துபாய்லேருந்து கொண்டாந்த லைட்டு, பிளக்கு ஏறலன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். மறுநா காலையில பாக்கெட்லேருந்து எடுத்துக் குடுத்தாரு. எங்கூட்டுக்கு இனிமே தேவப்படாதுன்னாரு."

"தேவப்படாதுன்னா சொன்னாங்க?"

"ஆமா. கரண்ட் இல்லாமயே நல்லா ஆவுதுன்னாரு. இன்னா மச்சான் ஆவுதுன்னு கேட்டேன். சிரிச்சிக்கிட்டே போயிட்டாரு." அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "வேணும்னா எடுத்துக்க தங்கச்சி. உங்க சாமான்தானே." லைட்டைக் கழற்றிவிட்டு, அடாப்டரைக் கைலியில் துடைத்து என் கையில் வைத்தார். எதற்கு வாங்கினேன் என்று தெரியாமலேயே வாங்கிக்கொண்டேன்.

மழை விட்டபாடில்லை. பூட்டிக் கிடந்த ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்றேன். வீட்டுக்குப் போக வேண்டும், பயற்றை ஏற்ற வேண்டும் என்று புத்தி சொன்னது, கால் நகரவில்லை. பெருநாள் முடிந்து மூன்று நாள். அப்படியென்றால் ரமலானுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியாமல் போகும்? அவர் போடாத பெருஞ்சீரகத்தை அரை ஸ்பூன் போட்டு வைத்தவள் நான். அவருக்கு நெஞ்சில்தானே அடைப்பு, நாக்கிலா? பெருநாளுக்குப் பிறகு கறி போடுவதை நிறுத்தியது டாக்டர் சொல்லி இல்லை. ஆறு மணி நேரம் பச்சையாகக் கிடந்தாலும் கெட்டுப்போகாத சாமானாகப் பார்த்துப் போட்டிருக்கிறார். ஊறப்போட்டு வைத்திருக்கிறார், எனக்கு. நான் வந்து ஏற்றுவேன் என்று!

அப்படியானால் அந்தப் பேச்செல்லாம் யாரிடம் பேசியது? பொறுமையாக வெந்தது என்று யாரைச் சொன்னார்? மெஷினுக்குக் கோபம் என்றது? கடலூரில் டாக்டரிடம் மெஷின் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாரே, அது? லீவு கொடுக்க வேண்டும், பாவம் என்று பஸ்ஸில் சொன்னாரே! ஒவ்வொன்றாக நினைவுக்கு வர வர, நடுத்தெருவில் எனக்கு முகம் சூடேறியது. கேலி பண்ணினாரா? இல்லை, நேரில் சொல்ல வராததை அந்தச் சட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தாரா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், மலிகா நீயே ஆக்கு என்று சொல்லியிருக்கலாமே. நான் மட்டும் சொன்னேனா? பஸ்ஸில் ஒண்ணுமில்ல என்றது யார்? கோபமும் வெட்கமும் எது எது என்று பிரிக்க முடியாமல் வந்தன. கூடவே இன்னொன்றும் வந்தது, அதற்கு எனக்குப் பேர் தெரியவில்லை. காரில் வரும்போது அவர் சொன்னது அப்போதுதான் காதில் ஏறியது. யாரோ ஆக்கி வச்ச மாதிரி. நாலு பேருக்குப் போதும் சட்டியை மூன்று கடை தேடி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்த மனிதர். தினமும் எங்களுக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார், ஆட்டுக்கு இல்லை.

தொழுகை முடிந்து தெருவில் குடையோடு போன ஆட்கள்கூடக் கலைந்துவிட்டார்கள். மணி ஒன்றே முக்கால் இருக்கும். சட்டியில் பயறு பச்சையாகக் கிடக்கிறது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் செருப்பு இருந்தது. குடை விரித்தபடி கூடத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அடுப்படியில் ஏதோ தட்டும் சத்தம்.

நிலைப்படியில் நின்று பார்த்தேன். மேல் தட்டு டின்கள் எல்லாம் ஒழுங்காகக் கீழே இறக்கி அடுக்கியிருந்தன. என் குக்கர் அடுப்பு மேடையில் இருந்தது. பீங்கான் சட்டி காலியாக, கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு குக்கர் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அது உள்ளே விட்டுப் பூட்டுகிற பழைய மாதிரி. சாய்த்து நுழைத்துத் திருப்ப வேண்டும். அவர் நேராக வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

நான் நிற்பது அவருக்குத் தெரியும். என் துப்பட்டியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் திரும்பவில்லை.

"எத்தினி விசிலு மலிகா?" என்றார்.

வாயைத் திறந்தேன். நாலு என்று சொன்னால் இத்தனை நாள் பண்ணிய திருட்டை ஒப்புக்கொண்டதாகிவிடும். சொல்லாவிட்டால் அவர் பாட்டுக்கு விட்டுப் பயறு குழைந்துவிடும். துப்பட்டிக்குள் அடாப்டரின் முள் உள்ளங்கையில் குத்தியது. அவர் மூடியை எடுத்தார், திருப்பினார், மறுபடி வைத்தார். ஒரு ஓரம் உள்ளே போனால் மறு ஓரம் வெளியே நின்றது. கொஞ்சம் சாய்த்தார். போகவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.